கதிர்வேல் விசாரித்தார்

“பையன் எப்படி? தண்ணி கிண்ணி போடுவாரா?” என்று கதிர்வேல் கேட்டதும், கோடம்பாக்கம் டீக்கடை ஆல்வின் பாய்லரை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

“கல்யாண விஷயமாண்ணா?”

இல்லை. எதிர் மாடியில் இருக்கும் மாடலிங் ஏஜென்சியை விசாரிக்கத்தான் கதிர்வேல் உத்திரமேரூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். மகள் எழிலை வெள்ளிக்கிழமை ஆடிஷனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவளும் விவரமான பெண்தான். “நல்ல ஏஜென்சின்னா நம்மகிட்ட துட்டு கேக்காது நைனா. ஆபீஸ் நெஜமாவே கீதான்னு பாக்கணும். போவும்போது கூட ஒரு ஆள இட்டுக்கினு போவணும்” என்று போனில் படித்ததையெல்லாம் சொல்லியிருந்தாள்.

கதிர்வேல் கூடப் போவதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் உத்திரமேரூரில் எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். எதையும் பிரித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். அதோடு, நம் ஜனங்களுக்கு விசாரிக்கத் தெரிந்ததெல்லாம் ஒரே விதம்தான். மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கிற விதம். மாடலிங் என்று கேட்டால் எவனும் வாயைத் திறக்க மாட்டான். கல்யாணம் என்று கேட்டால் தெருவே கூடி நின்று சொல்லும்.

“ஆமா, கல்யாண விஷயந்தான்” என்றார்.

ஆல்வின் கொட்டித் தீர்த்தார். ஏஜென்சி நடத்தும் வசந்த்குமார் தங்கமான பையன். அவனும் அவன் அம்மா ஆண்டாளம்மாளும் சேர்ந்துதான் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறார்கள். இதுவரை ஒரு பெண்ணும் கண்ணைக் கசக்கிக்கொண்டு அந்த மாடிப்படியில் இறங்கியதில்லை.

பூரித்துப்போன கதிர்வேல், ஆல்வின் கேட்ட பேர், ஊர், போன் நம்பர் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். இப்படியொரு துப்பறியும் மூளையைக் காயில் கட்டியே வீணாக்கிவிட்டோமே என்று வழியெல்லாம் வருத்தப்பட்டுக்கொண்டார்.

மறுநாள் புதன்கிழமை ஆல்வின் போன் செய்தார். “அண்ணா, நீங்க வந்து விசாரிச்சத அந்தம்மாகிட்ட சொல்லிட்டேன். ஒரே சந்தோஷம் அவங்களுக்கு. நாளிக்கு காலைல அம்மாவும் புள்ளையும் உங்க வூட்டுக்கு வராங்களாம்!”

மனைவி கஸ்தூரி தலையில் அடித்துக்கொண்டாள். “ஆபீஸ் கீதான்னு பாக்கப் போய் சம்பந்தம் பேசிட்டு வந்துகீறியேய்யா! நெசத்த சொல்லிடு.”

“சொன்னா இன்னா ஆவும்? பொய் சொல்லி வேவு பாத்தவன் பொண்ணுன்னு எழில் பேர அடிச்சிடுவாங்க.”

ஆல்வினைப் போனில் கூப்பிட்டு, பெண் ஜாதகத்தில் தோஷம் இருப்பதாகச் சொல்லச் சொன்னார். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது.

“சொன்னேண்ணா. அந்தம்மா வியுந்து வியுந்து சிரிக்கிறாங்க. கண்டிப்பா வராங்களாம்.”

இனி ஒரே வழிதான். அவர்களாகவே இந்தப் பெண் வேண்டாம் என்று ஓட வேண்டும். ஆனால் எழிலின் முகத்தை மட்டும் பார்த்துவிடக் கூடாது. பார்த்தால் வெள்ளிக்கிழமை அடையாளம் தெரிந்துபோகும். எனவே வியாழன் காலை முதல் பஸ்ஸில் அவளைப் பெருநகரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை ஆடிஷனுக்கும் சித்தியே கூடப் போவதாக ஏற்பாடு.

“ரெண்டு வருசமா இதுக்குத்தான் காத்துக்கினு கீறேன் நைனா. கெடுத்துடாத” என்றாள் எழில். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் கதிர்வேல் அவள் பையைத் தூக்கி பஸ்ஸில் வைத்தார்.

“நான் கீறேன்ல? நீ கம்முனு போ.”

திரும்பி வந்தவர் சுவரில் இருந்த அவள் படங்களையெல்லாம் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

ஒன்பது மணிக்குக் கார் வந்தது. பழப்பையைக் கஸ்தூரியிடம் கொடுத்துவிட்டு ஆண்டாளம்மாள் உட்கார்ந்தார். “நாங்க எதுக்கு வந்திருக்கோம்னா…”

“தெரியும்மா” என்று மறித்தார் கதிர்வேல். “ஆனா ஒண்ண மறைச்சி ஒண்ண சொல்லக் கூடாது பாருங்க. பொண்ணு பத்து மணிக்கு முன்ன எய்ந்துக்க மாட்டா.”

அம்மாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சொன்ன பேச்சு கேக்க மாட்டா. கோவம் வந்தா கையில கெடைக்கிறத தூக்கி அடிப்பா. போன மாசம் மிக்ஸி.”

காபியோடு வந்த கஸ்தூரிக்கு முகம் சுண்டிப்போனது. பெற்ற மகளைப் பற்றி அவளே இதையெல்லாம் இப்போதுதான் கேள்விப்படுகிறாள்.

வசந்த்குமார் சுவரில் வரிசையாக நின்ற வெற்று ஆணிகளைப் பார்த்தார். “வீட்ல அவங்க போட்டோ ஒண்ணுகூட இல்லையே சார்?”

இந்தக் கேள்வியைக் கதிர்வேல் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அசரவில்லை. “அத்த ஏன் கேக்குறீங்க, பெரிய பேஜாரு! கேமராவ கண்டாலே அவளுக்கு ஆவாது. மூஞ்ச பொத்திக்கினு ஓடிடுவா.”

ஆண்டாளம்மாள் மடியில் பிரித்து வைத்திருந்த பைலை மூடினார். “இவ்வளவு உண்மையா பேசுற அப்பாவ நான் பார்த்ததே இல்ல சார்” என்று கும்பிட்டுவிட்டு எழுந்தார். காபி அப்படியே இருந்தது.

அவர்கள் வாசலைத் தாண்டியதும் கதிர்வேல் மகளுக்குப் போன் போட்டார். “எழிலு, அனுப்பிட்டேன்! ஒரு தொல்லையும் இல்ல. நீ நாளிக்கு ஆடிஷனுக்கு ரெடியாவு.”

அப்போது கார் டிரைவர் தண்ணீர் பாட்டிலோடு உள்ளே வந்தார். கஸ்தூரி பிடித்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கதிர்வேலைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“இன்னா சார் ஆச்சி? உத்திரமேரூர் கதிர்வேல்னு டீக்கடக்காரர் சொன்னதுமே, அப்ளிகேஷன எட்த்துப் பாத்து நம்ம எழிலோட அப்பான்னு மேடம் கண்டுபுட்ச்சிட்டாங்க. ‘இம்மாம் அக்கறையா விசாரிக்கிற குடும்பம், ஆடிஷனே வேணாம், வூட்டுக்கே போய் கையெய்த்து வாங்கிடலாம்’னு அக்ரிமெண்ட்ட எட்த்துக்கினு வந்தவங்க, இப்ப கார்ல குந்திக்கினு அத்த கிய்ச்சிக்கினு கீறாங்களே!”