மாங்காய் கீறிப்போட்ட அக்கானி

கள்ளின் கேடுகளைப் பற்றி மூன்று வருடம் மேடையேறிப் பேசியவன் நான். எத்தனை கூரைகள் சரிந்தன, எத்தனை அடுப்புகள் அணைந்தன என்று நான் குரலை இறக்கும்போது முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஒன்றை இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மூன்று வருடமும் கள் என்ன நிறம், என்ன மணம், என்ன ருசி என்று எனக்குத் தெரியாது. புலியையே பார்க்காமல் புலி வேட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் புலி என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.

அப்போது நான் இரணியலுக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். பனையோலை சலசலத்தால்கூட நெஞ்சுக்குள் ஏதோ கிழிகிற வயது. (உண்மையில் கிழிந்திருந்தது சட்டையின் முழங்கை. வேறு சட்டை கிடையாது.) சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கு நான் செயலாளர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கிறிஸ்துதாஸ் வாத்தியார் தலைவர். தலைவருக்கு லில்லி புஷ்பம் என்று ஒரு மகள். நான் ஏன் செயலாளர் ஆனேன் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தேன். வாத்தியார் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பையனின் நடப்பு எப்படி என்று நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்வாராம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் தங்கையோடு வருவதாகச் சொல்லி அனுப்பினார். மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை, சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கலாமாம். தங்கை தங்கம்மாள், வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் படித்துக்காட்டும் பைபிள் உமன். கறுப்புக் குடையும் மூக்குக்கண்ணாடியுமாக அவர் தெருவில் வந்தால் நாய்கள்கூட ஒழுங்காக உட்காரும்.

என்னோடு குடியிருந்தவன் ஞானதாஸ். பட்டாளத்துச் சமையல்காரனாக யுத்தத்தில் இத்தாலி வரை போய் வந்தவன். அங்கே வட்டமாக ஒரு ரொட்டி உண்டு, மேலே தக்காளி, பால்கட்டி, பொடி மீன் எல்லாம் பரத்திச் சுடுவார்கள், பேர் பீட்சா என்றான். வாத்தியார் அதில் ஒரு துண்டு தின்றால் மகளை அன்றைக்கே கையில் பிடித்துக் கொடுப்பார் என்றும் சொன்னான். பால்கட்டிக்கு எருமைத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டோம். பொடி மீனுக்கு நம் நெத்தோலி. மாவு பொங்குவதற்குத்தான் வழியில்லை.

"அதுக்கு இத்திரி கள்ளு வேணும் மக்கா. ஆப்ப மாவுக்கு ஊத்துவாவல்லா, அது மாதிரி."

செயலாளர் வீட்டில் கள்ளா? ஒரு பகல் முழுக்க மனச்சாட்சியோடு மல்லுக்கட்டினேன். குடிக்கப்போவது மாவுதானே என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னேன்.

மனிதர்கள் குடிக்க அக்கானி. (மற்ற ஊர்க்காரர்கள் பதநீர் என்பார்கள். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிப் பனையில் கட்டினால் இனிக்கிற அக்கானி. தடவாமல் கட்டினால் அதே பாளை, அதே சாறு, கள்.) அதில் மாங்காய் கீறிப்போட்டுக் குடிப்பது எங்கள் பக்கத்து ருசி.

வெள்ளிக்கிழமை காலையில் பனையேறி செல்லையா இரண்டு கலயங்களைக் கொண்டுவந்து இறக்கினார். சுண்ணாம்பு உள்ளது அக்கானி, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பனைக்குப் போய்விட்டார். பார்த்தேன். ஒரு கலயத்தின் வாயில் வெள்ளை வெளேரென்று படிந்திருந்தது. இதுதான் சுண்ணாம்பு என்று அதைக் கூடத்தில் வைத்தேன். மற்றதை மாவுக்கு என்று ஞானதாஸிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அவனுக்கு அன்றைக்குத் தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருந்தது. கொடுத்ததை ஊற்றிப் பிசைந்தான்.

சாயங்காலம் வெயில் பனைகளின் கழுத்தில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தது. அண்ணனும் தங்கையும் வந்தார்கள். நான் மாங்காயைக் கீறிப்போட்டு, கலக்கி, பளபளவென்று துலக்கிய தம்ளர்களில் ஊற்றி நீட்டினேன். வாத்தியார் ஒரு மடக்கு குடித்தார். அப்படியே நிறுத்தி என்னை வெகுநேரம் பார்த்தார். என் முகத்தில் ஒரு மருமகனைத் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

புளிப்புக் கொஞ்சம் தூக்கலோ, மாங்காய் அப்படி, என்று இழுத்தேன்.

"மாங்கா," என்றார் வாத்தியார் மெதுவாக. "பின்னே, மாங்கா அல்லாம வேற என்ன." தம்ளரைக் காலி செய்துவிட்டு நீட்டினார்.

தங்கம்மாளும் நீட்டினார். நான் ஊற்றினேன். எனக்கும் ஊற்றிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் கூடத்தில் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. பைபிள் உமன் குடையைப் பிரசங்க மேடைபோல் முன்னால் ஊன்றிக்கொண்டு, சபைக்கு வந்துபோன போதகர்கள் ஒவ்வொருவரும் எப்படி இருமுவார்கள் என்று நடித்துக் காட்டினார். வாத்தியார் தொடையில் தட்டிச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது, கன்னம் சுட்டது. காதல் என்று நினைத்தேன். எழுந்து நின்று, லில்லி புஷ்பத்தின் இமைகளை நெல்வயலின் மேல் இறங்கும் கொக்குகளுக்கு ஒப்பிட்டு நான் எழுதி வைத்திருந்த இருபது வரிகளை, பெற்ற தகப்பன் முன்னால், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

அடுக்களையிலிருந்து ஞானதாஸ் கூப்பிட்டான். முகம் வெளுத்திருந்தது.

"ஏலே, மாவு பொங்கல்ல. மத்தியானம் பிசைஞ்சது, கல்லு கணக்கா கிடக்கு."

மாவுக்கு ஊற்றியதில் மிச்சத்தை ஒரு கரண்டியில் எடுத்து என் வாயில் விட்டான். இனித்தது. அடிநாக்கில் சுண்ணாம்பு.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கூடத்திலிருந்து தங்கம்மாளின் சிரிப்பு கேட்டது. கலயத்து வாயில் நான் கண்ட வெள்ளை, பொங்கி வழிந்து காய்ந்த நுரை என்பது அப்போதுதான் உறைத்தது. சுண்ணாம்பு உள்ளே இருக்கும், வாயில் இருக்காது. (எங்கள் ஊரில் இது பனையேறி வீட்டு ஆட்டுக்கும் தெரியும்.) இத்தனை நாளும் நான் மேடையில் காட்டிய அத்தனை பாழும் என் கூடத்தில் கால்நீட்டி உட்கார்ந்து போதகரைப்போல் இருமிக்கொண்டிருந்தது. லில்லி போயாயிற்று. பதவி போயாயிற்று. வேலையும் போகும்.

சொல்லாதே, கலயத்தை உடைத்துவிடுவோம் என்றான் ஞானதாஸ். ஆனால் எனக்குள் போயிருந்த கள் என்னை வீரனாக்கியிருந்தது. நேரே போய் வாத்தியார் முன்னால் நின்றேன்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. நீங்க குடிச்சது அக்கானி இல்ல. கள்ளு."

சிரிப்பு நின்றது. வாத்தியார் தம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியும்," என்றார்.

அன்றைக்கு எனக்கு விழுந்த அடிகளில் இதுதான் பெரிய அடி.

"எப்பம் தெரியும் சார்?"

"முதல் மடக்குலயே."

"எப்படி சார் தெரிஞ்சுது?"

மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர் தலைவரிடம் கேட்கக்கூடாத ஒரே கேள்வி அது. தங்கம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"தலைவர் ஆவதுக்கு முன்னே நான் மனுசனா இருந்தேன் வே," என்றார் வாத்தியார்.

அந்த நேரம் பார்த்து ஞானதாஸ் பதற்றத்தில் பீட்சாவைக் கொண்டுவந்து வைத்தான். மேலே நெத்தோலிகள் கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தன. வாத்தியார் ஒரு துண்டை முறிக்கப் பார்த்தார், முறியவில்லை. கடித்துப் பார்த்தார், அதுவும் நடக்கவில்லை. தட்டில் திருப்பி வைத்தபோது ஓடு விழுந்த சத்தம் கேட்டது. பிறகு நிதானமாக என் பக்கம் திரும்பினார்.

"இது வெளிய போவப்பிடாது, கேட்டீரா? குடும்பத்துக்குள்ள கிடக்க வேண்டிய காரியமாக்கும்."

சத்தியமாகப் போகாது சார் என்றேன்.

"உமக்க சத்தியத்தை வச்சு நான் என்ன செய்ய? நீரு குடும்பத்துல இல்லியே." ஒரு பெருமூச்சு விட்டார். "அப்பம் உம்மையும் குடும்பத்துல சேக்காம வேற வழியில்ல."

மறுமாதம் கல்யாணம். விருந்தில் ஆப்பம் கிடையாது என்று வாத்தியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இன்றைக்கும் வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் யாராவது ஆரம்பிப்பார்கள், உங்கள் கல்யாணம் எப்படி முடிந்தது என்று. லில்லி தலையைத் தூக்காமல் பதில் சொல்வாள்: "எங்க அப்பா என்னைக் கட்டிக்கொடுக்கல்ல. இவருக்க வாய்க்கு ஒரு பூட்டு போட்டாரு. நான்தான் பூட்டு." பிள்ளைகள் அதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

மாமனாருக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. இதை எழுதட்டுமா என்று போன வாரம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். எழுதிக்கொள்ளும், எத்தனை தம்ளர் என்பதை மட்டும் எழுதாதீர் என்றார். அவர் சொல்லைத் தட்டாமல் நான் அதை எழுதவில்லை.

தங்கம்மாள் அத்தை அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் குடித்தது ஐந்து.