சீட்டு எழுதினவர் பாடு

சங்ககிரி லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த ஊருக்கு என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் தண்டாயுதபாணிக்கு, தன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கே போகிறதென்று தெரியவில்லை. அவர் கேட்டதெல்லாம் மதியம் இரண்டு மணி நேரத் தூக்கம். கண்ணை மூடினால் போதும், "ஏனுங்க, தண்ணித்தொட்டி கழுவோணும்" என்று மனைவி ஸ்ரீதேவியின் குரல் வந்துவிடும். மனுஷன் அலுத்துப் போனார்.

யூடியூபில் கோட்டுப் போட்ட ஒருவர், வேலைகளைச் சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்டினால் வாழ்க்கையே சீராகிவிடும் என்றார். தண்டாயுதபாணி வெள்ளைப் பலகையும் மஞ்சள் சீட்டுக் கட்டும் வாங்கி வந்து, ஹாலில் மாட்டி, மூன்று கட்டம் போட்டார்: செய்யோணும், செய்யறேன், செஞ்சாச்சு.

"இனிமே ஊட்டுல எல்லா வேலையும் சீரியல்படிதான் அம்மிணி. ஆபீஸ்ல வண்டிக்கு வரிசை போடறாப்பல."

"நான் இத்தன வருசமா சீரியல்படிதானுங்களே சமைக்கறேன். ஏழரைக்கு ஒண்ணு, எட்டுக்கு ஒண்ணு."

"அந்தச் சீரியல் இல்ல! போர்டுல சீட்டு இல்லாத வேலை, வேலையே இல்ல."

"செரிங்க. நானே எழுதி ஒட்டீர்றேன்."

இதற்காகவே மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு சட்டம் வைத்திருந்தார். இப்போது எடுத்து விட்டார்.

"எழுது. ஆனா சீட்டு எழுதினவங்கதான் அந்த வேலையச் செய்யோணும்."

சண்டை வரும் என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். வரவில்லை.

"யாரா இருந்தாலுமுங்களா?"

"யாரா இருந்தாலும்!"

"நல்ல சட்டமுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

ஞாயிறு வந்தது. பலகையில் ஒரு சீட்டுகூட இல்லை. தண்டாயுதபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. பாயை விரித்து, ஃபேனைத் திருப்பி வைத்து, சாப்பிட்டுப் படுக்கலாம் என்று பன்னிரண்டரைக்குச் சமையல்கட்டை எட்டிப் பார்த்தார். அடுப்பு பற்றவே இல்லை. ஸ்ரீதேவி டிவி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"சோறு?"

"சீட்டு இல்லீங்களே."

"எழுதிச் செய்யறதுதான?"

"எனக்கு எழுதோணும்னு தோணுலீங்க."

பசி வயிற்றைக் கிள்ளியது. பேனாவைப் பிடுங்கி, 'சமையல்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பலகை ஆட ஒட்டினார்.

"இந்தா சீட்டு! போதுமா?"

ஸ்ரீதேவி எழுந்து வந்து நிதானமாகப் படித்தாள்.

"கையெழுத்து உங்களுதுதானுங்களே?"

"பின்ன வேற யாரு..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று சீட்டைப் பிய்க்கக் கை நீட்டினார்.

அவள் முந்திக்கொண்டு அதைப் பிய்த்து, 'செய்யறேன்' கட்டத்தில் அழுத்தி ஒட்டினாள்.

"வெங்காயம் கூடையில இருக்குதுங்க. அரிசி மட்டும் தாராளமாப் போடுங்க, ரெண்டு மணிக்கு எங்கண்ணன் ஊட்ல இருந்து ஆறு பேரு வாராங்க."