பின்னால் நிற்பவர் கை

மூன்றாவது முறையாக இடதுபக்கத்துத் தார் டிரம் உருண்டு போனது.

"நீயே எறங்கிப் போயி நிமுத்தி வை," என்றார் ஆதிமூலம். திருக்கனூர் ரோட்டில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். இருபது வருஷமாக லாரி ஓட்டச் சொல்லிக்கொடுத்து, ரத்தக்கொதிப்பைத் தவிர வேறெதையும் அவர் சேர்த்துவைக்கவில்லை.

செல்வகுமாரி இறங்கிப் போய் டிரம்மை நிமிர்த்தினாள். ஆறு வருஷமாகக் குட்டியானை மினிலாரியில் காய்கறி ஏற்றி மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறவள். மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பஸ் ஓட்ட ஆள் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை டெஸ்டில் பாஸாகி ஹெவி லைசென்ஸ் கையில் வந்தால் வேலை அவளுக்கு. வராவிட்டால் அடுத்த ஆள் தயாராக நிற்கிறான். முன்னால் ஓட்டுவதில் அவளிடம் ஒரு குறையும் இல்லை. பின்னால் வந்து இரண்டு டிரம்முக்கு நடுவில் நிறுத்துவதுதான் மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"மாஸ்டர், நீங்க சொன்னபடிதான் பண்றேன். பின்னாடி நிக்கிறவரு கையப் பாத்துதான் ஸ்டீயரிங்க ஒடிக்கிறேன்."

அது அவருடைய முதல் பாடம். ரிவர்ஸ் எடுக்கும்போது சொந்தப் புத்தியை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும். பின்னால் நிற்கிற கிளீனர் கை காட்டுகிற பக்கம் ஸ்டீயரிங் திரும்ப வேண்டும்.

"பின்னாடி யாரு நிக்கிறா?" என்றார் ஆதிமூலம்.

"செவப்புத் துண்டு போட்டுனு நிக்கிறாரே, கிளீனரு."

"கிளீனரு வேலைய வுட்டுப் போயி ரெண்டு மாசம் ஆவுது."

மதியம் இரண்டு மணி. பொட்டல் மைதானத்தில் ஒரு காக்கை கூட இல்லை. ஆதிமூலம் இடதுபக்கக் கண்ணாடியைப் பார்த்தார். சிவப்புத் துண்டுக்காரர் ஒருவர் நின்று வா, வா என்று கையசைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தார். வெறும் மண்தான் இருந்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். அந்த ஆள் பொறுமையாகக் கையசைத்துக்கொண்டிருந்தார். ஆதிமூலத்துக்கு அந்த வெயிலிலும் வியர்வை நின்றுபோனது.

"இப்ப இன்னா மாஸ்டர் பண்றது?"

"வண்டிய முன்னாடி எடும்மா. எடுத்துனே இரு. நிக்காத."

புதன்கிழமை இடத்தை மாற்றினார். நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு காய்ந்த ஏரி. இவர்கள் டிரம்மை இறக்குவதற்கு முன்பே, டிரம் வைக்க வேண்டிய இடத்தில் சிவப்புத் துண்டுக்காரர் கண்ணாடிக்குள் நின்றுகொண்டிருந்தார்.

உடனே எலுமிச்சம்பழம் வாங்கிவந்து நாலு சக்கரத்துக்கும் வைத்து நசுக்கினார்கள். கற்பூரம் காட்டினார்கள். அதுவரை பத்தடி தள்ளி நின்றவர், மரியாதை செய்து கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டாரோ என்னவோ, வண்டியை ஒட்டி வந்துவிட்டார். பின்பலகையில் டப் டப் என்று இரண்டு தட்டும் விழுந்தது.

வியாழக்கிழமை ஆதிமூலம் கண்ணாடியைச் சாக்குத் துணியால் கட்டிவிட்டார். கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது. பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது. தொண்டை கட்டிய, கரகரப்பான குரல்.

"வா... வா... லெப்ட்ல ஒடி... இன்னும் ஒடி..."

டிரம் உருண்டது. ஆதிமூலம் துணியை அவிழ்த்துவிட்டார். குரலைவிட உருவமே தேவலை என்று தோன்றிவிட்டது.

"அவரு சொல்றபடியே கேளும்மா. பகைச்சிக்க வாணாம்."

"கேட்டா டிரம் வுழுது மாஸ்டர்."

"டிரம்தான வுழுது. நாம வுழலியே."

செல்வகுமாரிக்கு அழுகை முட்டியது. பயத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. "செத்தவரே எழுந்து வந்து கத்துக்குடுக்குறாரு. அப்பவும் வரலன்னா தப்பு எம்மேலதான் மாஸ்டர். எனக்குத்தான் ஸ்டீயரிங் ஒடிக்க வரல," என்றாள். ஆதிமூலத்துக்கும் உள்ளூர அதே எண்ணம்தான்.

வெள்ளிக்கிழமை டெஸ்ட். பிரேக் இன்ஸ்பெக்டர் நாகராஜன் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ரிட்டயராக ஆறு மாசம் இருக்கிற மனிதர், காகிதத்திலிருந்து தலையைத் தூக்குவதே அபூர்வம். ஆதிமூலம் தூரத்தில் வேப்பமரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

எட்டுப் போட்டாள். மேட்டில் நிறுத்தி எடுத்தாள். எல்லாவற்றுக்கும் டிக் விழுந்தது.

"ரிவர்ஸ் எடும்மா."

கியரைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். அவர் வந்துவிட்டிருந்தார். இன்றைக்குத் துண்டைத் தலையில் கட்டியிருந்தார். முகத்தில் அவளைவிட அதிகமான பதற்றம். கை உயர்ந்தது. வா, வா. லெப்ட்ல ஒடி.

வண்டி நேராகத்தான் போகிறது, ஒடிக்க வேண்டாம் என்று அவள் கண் சொன்னது. அந்தக் கையோ விடாமல் இடதுபக்கம் இழுத்தது. ஆறு வருஷக் குட்டியானை அனுபவத்தைப் பெரிதாக நினைத்து ஒரு பெரியவரைப் பகைத்துக்கொள்வதா? அவள் கைகள் தாமாகவே ஸ்டீயரிங்கை இடதுபக்கம் திருப்பத் தொடங்கின.

பக்கத்தில் பேனா நின்றது.

நாகராஜன் மெதுவாகத் தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் முகத்தில் பயமே இல்லை. நாள்பட்ட சலிப்புதான் இருந்தது.

"அந்தாளு கையப் பாத்து ஓட்டாதம்மா," என்றார். "உயிரோட இருந்தவரைக்கும் இதே ரிவர்ஸுல நாலு தடவ நான் ஃபெயில் பண்ண ஆளு அவரு."