கக்கூசில் பால் காய்ச்சினோம்

உலகத்தில் எந்தக் கட்டடத்தையும் கட்டிவிடலாம். பாலம் கட்டலாம், குளம் கட்டலாம், மலையைக் குடைந்து ரயில்கூட விடலாம். கட்டியதற்குள் மனிதனை நுழைய வைப்பதுதான் பெரும்பாடு. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், யட்டவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கட்டிய முதல் கட்டடத்தின் வாசலில் ஜனங்கள் விளக்கேற்றிக் கும்பிட்டார்கள். அது கோயில் இல்லை. கக்கூசு.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்து, மாத்தளையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கண்டியில் ஓவசியர் வேலை பழகி, பிறந்த தோட்டத்துக்கே கட்டட ஓவசியராகத் திரும்பியிருந்தேன். காக்கிக் கால்சட்டை, தலையில் தொப்பி, கையில் அளவு நாடா. (நாடா தேவையில்லாத நேரத்திலும் கையில்தான் இருக்கும். சாப்பிடும்போது மட்டும் பைக்குள் வைப்பேன்.) தோட்டத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். மற்றவர்களுக்கு அப்படி ஓர் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை.

என் அக்கா பாக்கியம் அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். நான் படித்ததும் அவள் உழைப்பில்தான். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயிருந்தன. மூன்றாவது முறை உண்டாகியிருந்தபோது முகம் வெளுத்து, நகம் வெளுத்து, லயத்து ஏற்றம் ஏறினாலே மூச்சு வாங்கியது. தோட்டத்து டாக்டரையா அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கொக்கிப்புழு. மண்ணுலேருந்து கால் வழியா ஏறி, வயித்துல உக்காந்து ரத்தத்தைக் குடிக்குது. நான் மருந்து குடுப்பேன். ஆனா உங்க லயத்துச் சனம் பூரா கொக்கோக் காட்டுக்குள்ளதானே ஒதுங்குது? திரும்ப அதே மண்ண மிதிச்சா திரும்ப ஏறும். இந்தப் புள்ளையாவது தங்கணும்னா கக்கூசு ஒண்ணு கட்டுங்க. கட்டினா மட்டும் பத்தாது, சனம் போகணும்."

கடைசி வாக்கியத்தை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. கட்டுங்க என்பது வரைக்கும் கேட்டேன், அதற்குள் மனதில் படம் போட ஆரம்பித்துவிட்டேன்.

துரையிடம் போனேன். பக்கத்துத் தோட்டத்தில் கட்டியதற்குள் ஆடு கட்டிவைத்திருக்கிறார்கள் என்று அவர் சிரித்தார். பிறகு, "ஒன் லயத்துக்கு ஒண்ணு கட்டு. ஆள் போனா எல்லா லயத்துக்கும் நான் குடுக்குறது. போகல்லைன்னா உள்ள உரச் சாக்கு போடுறது" என்றார். அவருடைய தமிழ் அப்படித்தான் இருக்கும். ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

ஆடு என்ற சொல் எனக்குள் வேலை செய்தது. ஜனங்களுக்கு அந்தக் கட்டடத்தின் மேல் மரியாதை இல்லை, அதனால்தான் ஆடு கட்டினார்கள் என்று முடிவு செய்தேன். நம் ஆட்கள் எதற்கு மரியாதை கொடுப்பார்கள்? நல்ல நாள் பார்த்து, திசை பார்த்து, பூசை போட்டுத் திறந்ததற்கு. கண்டியில் எனக்குப் பாடம் சொன்ன வெள்ளைக்காரனுக்கு இது தெரியுமா? தெரியாது. எனக்குத் தெரியும். அன்று என் புத்தியை நினைத்து நானே பூரித்துப்போனேன்.

மாத்தளை டவுனிலிருந்து கொத்தனார் காதர் பாஸ் கட்டட வேலைக்கு வந்தார். ஆழமான குழி, ஈ நுழையாத மூடி, நாற்றம் மேலே போகக் குழாய், கழுவினால் தண்ணீர் நிற்காத சீமெந்துத் தளம், ஆணுக்கு ஓர் அறை, பெண்ணுக்கு ஓர் அறை, நடுவில் சுவர், மேலே தகரக் கூரை. குறை சொல்ல ஒன்றுமில்லை. (இன்றைக்கும் சொல்ல முடியாது. அந்தக் குழாயை வந்து பாருங்கள்.)

"தம்பி, வாசல எந்தப் பக்கம் வைக்க?" என்றார் காதர் பாஸ்.

"கிழக்க."

"கிழக்கால பெரட்டுக் களமில்லையா?"

பெரட்டுக் களம் என்பது விடிகாலையில் தோட்டத்து ஆட்களையெல்லாம் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் திடல்.

"இருந்தா என்ன பாஸ்? நல்ல கட்டடம்னா கிழக்குப் பாத்துத்தான் இருக்கணும்."

அவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு நான் சொன்னபடியே வைத்துவிட்டார்.

திறப்பு விழா ஒரு வெள்ளிக்கிழமை. வாசலில் இரண்டு வாழை மரம், மாவிலைத் தோரணம், கும்பம். பூசாரி மட்டும் என்னை ஓரமாக அழைத்து, "தம்பி, இது எந்தச் சாமிக்கு?" என்று கேட்டார். எந்தச் சாமியானாலும் சரி என்றேன். அவர் யோசித்துவிட்டு மஞ்சளில் ஒரு பிள்ளையாரைப் பிடித்து, ஆண்கள் அறையில் கால் வைக்கும் மேடை மேலேயே வைத்தார். அதே தளத்தில் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினோம். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். தோட்டத்து ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணிக்கு முதல் வெற்றிலை. கற்பூரத்தைக் குழி மூடிக்கும் காட்டினார் பூசாரி. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவின் பிள்ளை பிழைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் ஒருவரும் போகவில்லை. கூச்சம், பழகட்டும் என்று விட்டேன். அந்த வாரமும் ஒருவரும் போகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் வாசலில் கோலம். காற்றுப் போகச் சுவரில் விட்ட ஓட்டையில் ஒரு அகல் விளக்கு. அந்தப் பக்கமாகப் போகிற ஆம்பிளைகள் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். காணாமல் போன கோழி கிடைத்தது என்று ஒரு கிழவர் தேங்காய் உடைத்திருந்தார். கொக்கோக் காட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை மட்டும் பழையபடி தேய்ந்துகொண்டிருந்தது.

பெரிய கங்காணியிடம் ஓடினேன். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா சனம் போகும் ஐயா" என்றேன்.

"நான் என்னத்தச் சொல்ல? பால் காய்ச்சின எடத்துல எவன்டா குந்துவான்?" என்றார் அவர்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவும் முழுதாக உறைக்கவில்லை. முழுதாக உறைக்க வைத்தவள் அக்கா. அவள் காம்பிராவில், அதாவது லயத்து அறையில், கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் எப்படியோ போகட்டும், நீயாவது போ அக்கா என்று கெஞ்சினேன்.

"புள்ளையாரு புடிச்சு வச்ச எடத்துல நான் போயி அசிங்கம் பண்ணணுமா? வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு சாமி குத்தத்தத் தேடிக்கச் சொல்றியா? ரெண்டு போனது ஒனக்குப் பத்தாதா?"

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னாள். போகாவிட்டால் புழு, போனால் சாமி குற்றம் என்று அவளை நடுவில் நிறுத்திவிட்டு நான் கையில் நாடாவோடு நிற்கிறேன். கக்கூசே கட்டாமல் இருந்திருந்தால்கூட அவளுக்கு ஒரு பயம் குறைந்திருக்கும்.

பூசாரியைத் தேடிப் போனேன். சாமியை வெளியே அனுப்ப வழி என்ன என்று கேட்டேன்.

"வரவழைக்கத்தான் எனக்கு மந்திரம் தெரியும். அனுப்புறதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல தம்பி" என்றார். பிறகு தாடியைச் சொறிந்துகொண்டு, "யாராவது அசுத்தம் பண்ணினா அது தானா கெளம்பிரும். ஆனா குத்தம் பண்ணினவன் தலையில விழும்" என்றார்.

"கொண்டாந்து வச்சவன் தலையிலேயே விழுந்தா?"

"அது நியாயந்தானே" என்றார் பூசாரி, ரொம்ப நிம்மதியாக.

மறுநாள் காலை பெரட்டுக்குத் துரையே வந்துவிட்டார். நேராகக் கக்கூசுக்குள் தலையை நீட்டி மூச்சை இழுத்தார். கற்பூர வாசனை. "வெரி குட். ரொம்ப சுத்தம்" என்றார். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பிறகு கோலத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், கங்காணியைப் பார்த்தார். கங்காணி உண்மையைச் சொல்லிவிட்டார். துரையின் முகம் சிவந்தது. "நாளைக்குச் சாக்கு போடு" என்றார்.

தோட்டத்துச் சனம் முழுக்கக் களத்தில் நிற்கிறது. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அக்காவும் நிற்கிறாள், முகம் காகிதமாக. எனக்கு வேறு வழி தெரியவில்லை. தண்ணீர்ப் பீப்பாவிலிருந்து ஒரு வாளி மொண்டுகொண்டு நடந்தேன்.

"டேய் வேலு, எங்கடா போற?" என்று கங்காணி கத்தினார்.

"கக்கூசுக்கு" என்றேன்.

களம் அடங்கிவிட்டது. அந்தத் திடலின் குறுக்கே நடந்ததைப் போல நான் என் வாழ்நாளில் வேறெங்கும் நடந்ததில்லை. ஒவ்வொரு அடிக்கும் வாளித் தண்ணீர் தளும்புகிற சத்தம். தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. முதுகு முழுக்கக் கண். கதவைச் சாத்தினேன். மனதுக்குள் பிள்ளையாரிடம், அப்பனே, தப்பு முழுக்க என்னுது, அக்காவை விட்டுவிடு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

யாருக்குத்தான் நடக்கும்? வெளியே ஒரு தோட்டமே காத்துக்கொண்டிருக்கிறது. "என்ன சத்தத்தையே காணோம்?" என்று யாரோ கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. (கதவை நல்ல பலகையில் போட்டிருக்கலாம் என்று அப்போதும் தோன்றியது. தொழில் புத்தி.) நேரம் போய்க்கொண்டே இருந்தது. கால் மரத்துவிட்டது. கடைசியில் துரை வந்து பிரம்பால் கதவைத் தட்டி, "ஓவசியர், உள்ள என்னா பண்றது?" என்று ஓர் அதட்டல் போட்டார். துரைமார் அதட்டலுக்கு அந்தக் காலத்தில் ஒரு சக்தி உண்டு. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

கதவைத் திறந்து வெளியே வந்தேன். பூசாரி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஆச்சா தம்பி?"

"ஆச்சுங்க."

"நெசமாவா?"

"சந்தேகமா இருந்தா உள்ள போய்ப் பாத்துக்கங்க."

முதலில் சிரித்தது அக்காதான். அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. பிறகு களம் முழுக்கச் சிரித்தது. துரைக்கு விஷயத்தைக் கங்காணி விளக்க, அவர் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றார். சாமி கிளம்பிவிட்டது என்று பூசாரி அறிவித்தார். நடுவில் சுவர் இருக்கிறதே, பெண்கள் பக்கம் இன்னும் இருக்காதா என்று ஒருத்தி கேட்டாள். கூரை ஒன்றுதான், அதனால் முழுக்கக் கிளம்பிவிட்டது என்று தீர்ப்பும் சொன்னார். சாக்கு போடுவதைத் துரை ஒரு மாதம் தள்ளிவைத்தார்.

போருக்குப் போய் ஜெயித்தவன் மாதிரி அக்காவிடம் போனேன். "சாமி போயிருச்சு. இனி நீ போகலாம்ல?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாமி போயிருச்சு, சரி. இப்ப நீ நடந்த மாதிரி இந்த ஆம்பளைங்க முன்னால நான் நடக்கணுமாடா?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நான் ஒரு நாள் நடந்தேன், உயிர் போய் உயிர் வந்தது. அந்த வாசல் அங்கே இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு பெண்ணும் தினமும் நடக்க வேண்டும். குழியின் ஆழத்தை அளந்தேன், குழாயின் உயரத்தை அளந்தேன். அங்கே போய் வருகிறவளுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு தடவைகூட யோசித்துப் பார்க்கவில்லை. யோசிக்க எனக்கு அந்த நடை தேவைப்பட்டது. வெட்கமாக இருந்தது, காலையில் பட்ட வெட்கத்தைவிட அதிகமாக.

காதர் பாஸுக்குச் சொல்லியனுப்பினேன். அவர் வந்து கிழக்கு வாசலை அடைத்து, பின்பக்கம் மேற்கே வாசல் திறந்தார். லயத்திலிருந்து அங்கே போகிற வழியின் இரண்டு பக்கமும் நெருக்கமாக வாழைக்கன்று நட்டோம். கன்று வளரும் வரைக்கும் தென்னோலைத் தட்டி. முதல் ஆளாக அக்கா போனாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். ஆம்பிளைகளுக்குத்தான் இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. மாதக் கடைசியில் துரை மறுபடி தலையை நீட்டினார். இந்தத் தடவை மூக்கைப் பொத்திக்கொண்டு, "வெரி குட்" என்றார். மற்ற லயங்களுக்கும் உத்தரவு கிடைத்தது.

ஐப்பசி மழையில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. காம்பிராவுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றேன். முதல் அழுகை கேட்டதும் நானும் அழுதேன், சத்தமாக. யாரும் கேலி செய்யவில்லை.

கேலியெல்லாம் பிறகு வந்தது, இன்னும் நிற்கவில்லை. நான் ரோடு போட்டிருக்கிறேன், நாலந்தா பக்கம் பாலம் கட்டியிருக்கிறேன், அதெல்லாம் வீட்டில் எவருக்கும் நினைவில்லை. கக்கூசிலிருந்து வெளியே வந்தால் போதும், பொடிசுகள்கூட வரிசையில் நின்று "ஆச்சா?" என்று கேட்கின்றன.

அந்தக் குழந்தை செல்வியைப் பெண் பார்க்க மாத்தளை டவுனிலிருந்து வந்தார்கள். கடைக்காரக் குடும்பம், கௌரவமான மனிதர்கள். மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்து, "தாய்மாமன் என்ன பண்றாங்க?" என்று கேட்டார். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பாலத்திலிருந்து ஆரம்பிப்பதா ரோட்டிலிருந்து ஆரம்பிப்பதா என்று யோசித்தேன். அதற்குள், தலையைக் குனிந்து தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து சொல்லிவிட்டாள்:

"நான் உசுரோட பொறக்கணும்னு, ஊரே பாக்கக் கக்கூசுக்குப் போனவரு."