ரேடியேட்டர் கதவும் தங்களுடைய நூறாவது பறப்பும்

பென்சா,
மார்ச் 18

மரியாதைக்குரிய மைத்துனர் ரோதியோன் மத்வேயெவிச் அவர்களுக்கு, தங்கள் தங்கை தைசியாவின் கணவன் அர்காதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், தைசியா, பூனை மூவரும் சௌக்கியம். அதில் இருவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பதினோரு நாளாகத் தாங்கள் போனை எடுக்காததால் தாளும் பேனாவும் தேடவேண்டியதாயிற்று.

கணினித் திரையில் பழைய உலகப்போர் விமானச் சண்டை போட்டாலும் ஒருமுறை செத்தவன் மறுபடி கடைசிச் சிப்பாயாகத்தான் தொடங்க வேண்டும் என்று நம் ஓய்வூதியக்காரர் விமானக் குழுவில் விதி போட்டதே தாங்கள்தான். அந்த விதிப்படி மூன்று வருஷமாகச் சாகாமல் தொண்ணூற்றொன்பது முறை பறந்து திரும்பியவரும் தாங்கள் ஒருவர்தான். நூறாவது பறப்பில் தங்கள் வாலைக் காக்கும் வேலையை என்னிடம் கொடுத்தீர்கள். முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில் ரேடியேட்டர் பழுதுபார்த்தவனை நம்பாமல் யாரை நம்புவது என்று எல்லார் முன்னிலும் வேறு சொன்னீர்கள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கிளம்பும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, நம் சோவியத் யாக் விமானத்தின் ரேடியேட்டர் கதவை முழுக்கத் திறந்து வைத்திருந்தேன், திறந்து வைத்தால் இன்ஜின் குளிரும் ஆனால் காற்று பிடித்து இழுக்கும், அப்படி இழுத்ததில் அரை கிலோமீட்டர் பின்தங்கிவிட்டேன், உடனே தாங்கள் என் காதுக்குள், "மாப்ளே, எம் பின்னாடி வர்றியா, இல்ல உருளைக்கிழங்கு வாங்கப் போயிட்டியா?" என்று கேட்டீர்கள். குழுவில் மற்ற எட்டுப் பேரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்து கதவைப் பாதிக்கு மூடினேன். வேகம் வந்தது, கூடவே சூடும் வந்தது. "தண்ணிச் சூடு எவ்ளோ?" என்றீர்கள். "தொண்ணூறு, மச்சான்" என்றேன், முள்ளைப் பார்க்காமலே. அந்த நேரம் பார்த்துத் தங்கள் தங்கை முட்டைக்கோஸ் அடைத்துச் சுட்ட பிரோக் ரொட்டியோடு வந்து நின்றாள்.

"வாயைத் திற. உப்பு சரியா இருக்கா பாரு."

"நான் போர்ல இருக்கேன்டி!"

"போருக்குப் போனா நாக்கு செத்துடுமா? பாரு."

உப்பு சரியாக இருந்தது. முள் நூற்றிருபதில் இருந்தது. கண்ணாடி முழுக்க ஆவி. "இன்ஜின் கொதிக்குது மச்சான், நான் திரும்புறேன்" என்றேன். இரண்டே நிமிஷத்தில் இரண்டு ஜெர்மன்காரர்கள் தங்கள் வாலில். "மாப்ளே, பின்னாடி யாரு? நீயா?" என்றீர்கள். அதோடு தங்கள் விமானம் விழுந்தது, தாங்களும் கடைசிச் சிப்பாயாகிவிட்டீர்கள்.

பிரோக்கின் மேல் பழி போடுவது நியாயமில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளுங்கள். ஆறு மாதமாக வாரநாட்களில் வேறு பெயரில் நான் ஜெர்மன்காரன் பக்கம் பறக்கிறேன். அவன் விமானத்தில் ரேடியேட்டர் கதவு தானே திறந்து தானே மூடிக்கொள்கிறது. டிப்போவில் கொதிநீர் பட்டுப் பட்டுக் கை வெந்தவனுக்கு அது எவ்வளவு சுகம் தெரியுமா? சுகம் கண்ட கை கதவை மறந்துவிட்டது. என் தாத்தா எந்தப் பக்கம் நின்று சண்டை போட்டார் என்பது தங்களுக்குத் தெரியும். அவர் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் பறப்பேன்.

அண்ணி லாரிசா காலமானபிறகு சனிக்கிழமைப் பறப்புக்காகத்தான் தாங்கள் முகமே மழிக்கிறீர்கள் என்று தைசியா சொல்கிறாள். அந்தச் சனிக்கிழமையைத்தான் நான் கெடுத்தேன். வருகிற ஞாயிறு தைசியாவுக்கு அறுபது வயது. "எங்கண்ணன் வரலேன்னா கேக் வெட்ட மாட்டேன், நீயே வெட்டி அந்த ரேடியேட்டருக்கு ஊட்டு" என்கிறாள். வந்துவிடுங்கள். கணினியில் செருகும் என் விமானக் கைப்பிடியைத் தங்களிடமே ஒப்படைத்துவிடுகிறேன், இனி நான் பறக்கப்போவதில்லை.

தங்கள் முழங்காலுக்கும் மற்ற அங்கங்களுக்கும் நீண்ட ஆயுள் வேண்டும்,
இன்னும் மாப்பிள்ளை என்ற உறவு பாக்கியிருப்பதாக நம்பும்
அர்காதி லுகோஷ்கின்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது தகவல் வந்தது, குழுச் செயலாளர் அன்றைய பறப்பின் பதிவை எல்லோருக்கும் அனுப்பிவிட்டாராம். நானும் பார்த்தேன். அதில் என் விமானம் திரும்புவது அடியிலிருந்து நன்றாகத் தெரிகிறது. ரேடியேட்டர் கதவு முழுக்கத் திறந்திருக்கிறது. புகை இல்லை, ஆவி இல்லை. ஜெர்மன் விமான விஷயம் நிஜம். ஆனால் என் கை எதையும் மறக்கவில்லை, இன்ஜினும் கொதிக்கவில்லை. அந்த இரண்டு பேரையும் தங்களுக்கு முன்பே நான் பார்த்துவிட்டேன், மச்சான். பயந்துவிட்டேன். என் வீட்டில், என் நாற்காலியில், கம்பளிச் செருப்பு போட்டுக்கொண்டு. தைசியாவுக்கு இது இன்னும் தெரியாது. அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைச் சொல்வதற்காகவாவது ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.