நன்றாக ஓடுவதைச் சரிசெய்கிறவர்

உடைந்ததைச் சரிசெய்கிறவர்கள் உலகத்துக்கு வேண்டியவர்கள். அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. இது, நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைச் சரிசெய்கிறவரைப் பற்றி. உங்களுக்கு அவரைத் தெரியும். வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன்னால் குழாயைத் திறந்து மூடுவார், ஜன்னலை ஆட்டிப் பார்ப்பார், மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "ஓடுது. ஆனா..." என்பார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அந்த மின்விசிறியின் கீழே உங்களால் நிம்மதியாகத் தூங்க முடியுமா?

நம்முடையவருக்கு அலுவலகத்தில் 'இன்னுங்கொஞ்சம்' என்று பெயர். எதைக் காட்டினாலும் இன்னும் கொஞ்சம் நன்றாக்கலாம் என்பார். அதனால் வந்த பெயர். அவரிடம் ஒரு சைக்கிள் உண்டு. இருவர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கிற நீளமான சைக்கிள். மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போவதற்கென்றே செய்தது. முன்னால் அவர்; ஹேண்டில், பிரேக், கியர் எல்லாம் அவர் கையில். பின்னால் அவர் மனைவி; அந்த அம்மாளுக்கு மிதிக்க இரண்டு பெடல், பார்க்கக் கணவரின் முதுகு. மேடு வருகிறதா, பள்ளம் வருகிறதா என்று முதுகு சொல்லுமா? வாய்தான் சொல்ல வேண்டும். கம்பி இழுத்துக் கியர் மாறுகிற பழைய ஏற்பாட்டில், மாற்றும்போது இருவருமே மிதியைத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் செயின் கறகறவென்று கத்தும்.

"மாத்தறேன்மா!" என்பார் இவர்.

"மாத்துங்க! மேடு பெருசா?"

"பெருசுதான். ஆனா மேல நெழல் இருக்கு."

இப்படிக் கியருக்கு நாலு வார்த்தையாகப் பேசிக்கொண்டு பல வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது அந்தச் சைக்கிள். ஓடினால் போதுமா?

ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் அந்த அம்மாள், கூட வேலை செய்கிறவர்களின் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டு, அதற்கு ஈடாக ஒரு வாரம் லீவு வாங்கினார். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஏரிக்கு இருவரும் சைக்கிளில் போவதாகத் திட்டம். வேறு யாராக இருந்தாலும் பையைத் தேடியிருப்பார்கள். இன்னுங்கொஞ்சம் ஸ்பேனரைத் தேடினார்.

"எலக்ட்ரானிக் கியர் போட்டுடலாம். பட்டனைத் தொட்டாப் போதும்."

"இப்ப இருக்கிறதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் எதுக்குங்க?"

"உனக்காகத்தான்மா."

கவனியுங்கள். இந்த இனத்தார் தங்களுக்காக எதையுமே செய்துகொள்வதில்லை. அம்மாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டே அழுத்தத் தெரிந்த ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு, பட்டனே இல்லாத ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். மகளின் மேஜை விளக்கைக் கைதட்டினால் எரிகிற மாதிரி மாற்றிவிட்டு, தும்மினாலும் அது அணைகிறது என்று தெரிந்ததும் பிள்ளையைத் தும்மாதே என்பார்கள். யாரும் நன்றி சொல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

சைக்கிள் நீளம், வந்து சேர்ந்த ஒயர் குட்டை. வேறு ஒயர் வரும்வரை சாப்பாட்டு மேஜை பட்டறையாக இருந்தது, குடும்பம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது. "பழைய கியர் இன்னும் தேயவே இல்லையே சார்" என்று சைக்கிள் கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். இவர் காதில் அது பாராட்டாக விழுந்தது. லீவு தொடங்கி இரண்டு நாள் கரைந்த பிறகு கடைசித் திருகு ஏறியது. பட்டனைத் தொட்டார். குட்டி மோட்டார் 'விஸ்க்' என்றது. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

மறுநாள் காலை வெள்ளோட்டம். மேடு வந்தது: விஸ்க். இறக்கம் வந்தது: விஸ்க். செயின் கத்தவில்லை, யாரும் மிதியைத் தளர்த்தவில்லை, ஆகையால் யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மாள் முதுகைப் பார்த்தபடி மிதித்துக்கொண்டே வந்தார்.

"ஏங்க, ஒண்ணுமே பேசாம வர்றீங்க?"

"சொல்லவே வேண்டாம்மா. அதானே இதுல வசதி!"

பிறகு பின்னாலிருந்தும் சத்தமில்லை. எவ்வளவு சுகமான அமைதி என்று இவர் பூரித்துப்போனார்.

வாசலில் இறங்கியதும் அந்த அம்மாள் சொன்னார்: "ஏரிக்கு நான் பஸ்ல போறேன். பேச ஆளில்லன்னாலும் பஸ்ல ஜன்னலாவது இருக்கும். வர்றதுன்னா நீங்களும் வாங்க."

சொன்னபடி மதியம் கிளம்பிப் போயும்விட்டார். இன்னுங்கொஞ்சத்துக்கு உண்மையாகவே வலித்தது. மனிதர் கெட்டவர் அல்ல. மனைவி இல்லாத ஏரி அவருக்கு எதற்கு, சைக்கிள்தான் எதற்கு? கூடத்தில் உட்கார்ந்து மண்டையைக் குடைந்துகொண்டார். கோளாறு அகப்பட்டது: பேச்சு நின்றுபோய்விட்டது. சபாஷ்! இவ்வளவு சரியாகக் கண்டுபிடித்தவர் உடனே பஸ் நிலையத்துக்கு ஓடியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஹெல்மெட்டில் மாட்டிக்கொண்டு பேசுகிற மைக் இரண்டு வாங்கிவந்து, சாப்பாட்டு மேஜையை மறுபடி காலி செய்தார்.

ஏரிக்கரையிலிருந்து அந்த அம்மாள் போன் செய்தார்.

"தண்ணிக்குப் பக்கத்திலேயே ரெண்டு நாற்காலி போட்டிருக்காங்க. ஒண்ணு காலியாக் கிடக்கு. நாளைக்குக் காலைல ஒரு பஸ் இருக்குங்க."

"நீ முதல்ல திரும்பி வா. ஹெல்மெட்லயே மைக் வச்சிட்டேன். இனிமே வழி பூரா பேசிக்கிட்டே போகலாம்!"

"இப்பவே பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்? கிளம்பி வாங்களேன்."

"என்னம்மா? சரியாக் கேக்கல."

"வாங்கன்னு சொன்னேன்!"

"ஒரே இரைச்சல். உன் போன் பழசாயிடுச்சு, அதான். வா, மாத்திடலாம்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நீங்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த அறையிலிருந்து யாரோ உங்களை இரண்டு தடவை கூப்பிட்டாயிற்று. கதவு கனம், கேட்கவில்லை என்று சொல்லாதீர்கள். எழுந்து போங்கள். போகிற போக்கில் கதவின் கீலை ஆட்டிப் பார்க்காதீர்கள்.