தண்டல் ஏற்றிய கூண்டு

நான் பார்த்த மனிதர்களிலேயே மகா தைரியசாலி தண்டல்தான். நடுக்கடலில் பாய்மரம் முறிந்து விழுந்தபோதும் வாயிலிருந்த சுருட்டை எடுக்காமல் நின்றவர் என்று அவரோடு தோணியில் போனவர்கள் சொல்வார்கள். அந்த மனிதர் ஒரு பூனைக்குப் பயந்து, ஐப்பசி மாதத்து மத்தியானம் ஒன்றில், தூத்துக்குடியின் பாதி வள்ளங்களைக் கடலுக்குப் போகவிடாமல் கரையிலேயே நிறுத்திவிட்டார். பாதி என்பது என் மதிப்பு. சம்பந்தப்பட்ட மீனவர்களைக் கேட்டால் பத்துப் பதினைந்து வள்ளம் என்று குறைத்துச் சொல்வார்கள். அவர்களுக்குக் கதை சொல்லத் தெரியாது.

கப்பலுக்குக் கேப்டன் எப்படியோ, தோணிக்குத் தண்டல் அப்படி. இவர் முப்பது வருஷம் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பாய்த்தோணி ஓட்டி ஓய்ந்தவர். அவருக்குப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். மாதா கோயிலில் ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டினால் கிடைத்திருக்கும். ஆனால் அவர் மனைவி பிலோமினம்மாளே, யாராவது தேடி வந்தால், "தண்டல் தூங்குதாரு, பொறவு வாங்க" என்றுதான் சொல்வார்.

எழுபதுகளின் நடுவில், புதுத் துறைமுகம் வந்த புதிதில், நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து அவர் வீட்டு மொட்டை மாடி அறைக்குக் குடிவந்தேன். விளாத்திகுளத்துக் கரிசலில் பிறந்தவன் நான். கடலை முதலில் பார்த்ததே வேலைக்கு மனுக் கொடுக்க வந்த அன்றுதான். வந்து இறங்கியதும் தண்டல் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏலே தம்பி, செருப்ப அணியத்துல கழட்டிப் போடு" என்றார். அணியம் என்றால் தோணியின் முகப்பு என்பது எனக்கு எப்படித் தெரியும்? செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க அணியத்தைத் தேடினேன். பிலோமினம்மாள்தான் இரக்கப்பட்டு வாசல்படியைக் காட்டினார்.

தோணியை விட்டு இறங்கும்போது தண்டல் தன்னோடு கொண்டுவந்தவை ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு சுருள் வடம், இரண்டு பெண் பூனைகள். பூனைகளின் பெயர் கொழும்பு, மாலி. இரண்டும் தோணியிலேயே வளர்ந்து எலி பிடித்தே கிழவிகளானவை. தரையில் நடக்கும்போது இரண்டும் கொஞ்சம் ஆடி ஆடித்தான் நடக்கும். அலை இல்லாத இடத்தில் எப்படி நடப்பது என்று கடைசிவரை அவற்றுக்குப் பிடிபடவில்லை என்பது என் முடிவு. எலி என்றால் இரண்டும் புலி. ஆனால் தங்களைப் போலவே இன்னொரு பூனை எதிரே வந்து நின்றால் என்ன செய்வது என்று அவற்றுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அப்படி வந்து நின்றவன்தான் துரை. பக்கத்து ஐஸ் கம்பெனிச் சுவரில் குடியிருந்த கடுவன் பூனை. பெரிய தலை, தடித்த கழுத்து, சாம்பல் நிறம். ஆள் வருவதைப் பார்த்தாலும் அவசரப்பட மாட்டான். நாம் ஒதுங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பான். பெயர் வைத்தது தண்டல்தான். "வெள்ளக்காரன் போனாலும் இவன் போவ மாட்டேங்கானே" என்பார்.

துரை முதல் நாள் கொழும்பின் சாப்பாட்டைத் தின்றான். மறுவாரம் மாலியின் பின்னங்காலைக் கடித்தான். கடித்த இடம் சீழ் வைத்து, காலைத் தூக்கிக்கொண்டு மாலி மூன்று காலில் திரிந்தது. தண்டல் அதைத் துண்டில் சுற்றி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சினை மாடுகளுக்கும் உழவு மாடுகளுக்கும் நடுவே பூனையோடு வரிசையில் நின்றவரைப் பார்த்து ஆஸ்பத்திரியே சிரித்தது. மருந்து வைத்த கம்பவுண்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"வயசான உடம்பு அண்ணாச்சி. இன்னொரு கடி விழுந்தா பொழைக்காது" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த தண்டல் சோறு சாப்பிடவில்லை. அடுத்த நாளிலிருந்து பாதுகாப்பு ஏற்பாடுகள் ஆரம்பமாயின.

முதலில் காம்பவுண்டுச் சுவர் மேல் கண்ணாடிச் சில்லுப் பதித்தார். துரை சில்லுகளுக்கு நடுவே இடம் பார்த்து உட்கார்ந்து வெயில் காய்ந்தான். அடுத்து முற்றம் முழுவதற்கும் மீன் வலையை விரித்துக் கட்டினார். அதில் முதலில் சிக்கியது கொழும்பு. இரண்டாவது, மணியார்டர் கொண்டுவந்த தபால்காரர். அவரை வலையிலிருந்து பிரித்தெடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு எங்களுக்கு வந்த கடிதங்களைத் தெருமுனைக் கடையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மூன்றாவதாக சமாதான முயற்சி. தினமும் தெருவின் மறுகோடியில் துரைக்கென்று தனியாக மீன் வைத்தார் தண்டல். துரை அங்கே போய் முதல் பந்தி முடித்துவிட்டு, இரண்டாம் பந்திக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"பூனைக்கு இம்புட்டு ஓடுதியளே, போன மாசம் எனக்குக் காய்ச்சலு வந்து கெடந்தேனே, எட்டிப் பாத்தியளா?" என்றார் பிலோமினம்மாள்.

"ஏளா, ஒன்ன யாரு கடிச்சா?" என்று கேட்டார் தண்டல். அவருக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

கடைசியில் அவருக்குத் தெரிந்த தொழிலுக்கே போனார். மழைக்காலத்தில் துறைமுகக் கொடிக்கம்பத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள் அல்லவா? தூரத்திலிருந்து பார்த்தாலே எத்தனையாம் நம்பர் என்று தெரிந்துகொண்டு கடலோடிகள் உஷாராகிவிடுவார்கள். அதே ஏற்பாட்டை வீட்டில் செய்தார். மூன்று ஓலைப்பெட்டிகளுக்குத் தார் பூசிக் காயவைத்தார். என் அறை வாசலில் உயரமான மூங்கில் கழி ஒன்றை நட்டுக் கயிறும் கப்பியும் பொருத்தினார். துரை ஐஸ் கம்பெனிச் சுவரில் தென்பட்டால் ஒரு பெட்டி. சந்துக்குள் இறங்கிவிட்டால் இரண்டு. எங்கள் சுவருக்கே வந்துவிட்டால் மூன்று. கூண்டைப் பார்த்ததும் பிலோமினம்மாள் இரண்டு கிழவிகளையும் சமையலறையான குசினிக்குள் தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும். குசினியிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் மாடி. சும்மா ஒரு குரல் கொடுத்தாலே போதும். ஆனால் தோணியில் கத்துவது ஒழுங்கீனம் என்று தண்டல் சொல்லிவிட்டார்.

விடுமுறை நாட்களில் மத்தியான வாட்ச் என்னுடையது. வாடகைக்கு இருப்பவன் இதற்கெல்லாம் கட்டுப்பட வேண்டுமா என்று கேட்க எனக்கும் வாய் இருந்தது. பிலோமினம்மாள் வைக்கும் சீலா மீன் குழம்பை நினைத்து அந்த வாயை மூடிக்கொண்டேன். சட்டம் ஒன்றே ஒன்றுதான். "அவன் எறங்காம கூண்ட எறக்கப்பிடாது. மனசுல வச்சுக்க."

வைத்துக்கொண்டேன். அதுதான் வினை.

அந்த ஐப்பசி மத்தியானம் துரை எங்கள் சுவரில் வந்து படுத்தான். மூன்று பெட்டிகளையும் ஏற்றினேன். கிழவிகள் குசினிக்குள் போயின. துரை எழுந்திருக்கவில்லை. தூங்கினான், புரண்டான், முதுகை நக்கினான், மறுபடி தூங்கினான். கூண்டுகள் கழியிலேயே கிடந்தன. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் கடற்கரை. வள்ளங்கள் கடலுக்குக் கிளம்புகிற நேரம். கரையில் நின்ற ஒருவன் நிமிர்ந்து பார்த்திருக்கிறான். அவன் இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறான்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் வாசலில் இருபது பேர். முன்னால் நின்றவர், வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவர். தண்டல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். நான் மாடியிலிருந்து இறங்கி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"துறைமுகத்துல ஒண்ணும் ஏத்தல" என்றார் சம்மாட்டி. "வானமும் தெளிவாத்தான் கெடக்கு. ஆனா ஒங்க மாடியில மூணு தொங்குது. துறைமுகத்துக் கூண்டு மெட்ராஸ்லேருந்து தந்தி வந்து ஏத்துதது. ஒங்க கூண்டு நீங்க காத்த மோந்து பாத்து ஏத்துதது. அதான் எவனும் வள்ளத்தத் தள்ள மாட்டேங்கான். எத்தன நாளைக்குக் காத்து அண்ணாச்சி?"

அப்போதுதான் தண்டல் தலையைத் தூக்கித் தன் மாடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் சுருட்டு இல்லை என்பதை நான் கவனித்தேன்.

"'ரெண்டு நாள் காத்து'ன்னு சொல்லிருங்க அண்ணாச்சி. யாருக்குத் தெரியப்போகுது?" என்று காதோடு சொன்னேன்.

"காத்து விசயத்துல பொய் சொல்லச் சொல்லுதியாலே? நாளைக்கு நெசமாவே அடிக்கும்போது நான் சொன்னா எவன் நம்புவான்?" என்று பல்லைக் கடித்தார். பிறகு முன்னால் ஓரடி வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "காத்து ஒண்ணும் இல்ல சம்மாட்டி. பூனை."

சம்மாட்டி மாடியையும் தண்டலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பூனையா?"

"ஆமா."

"ஒரு பூனைக்கா மூணு கூண்டு?"

"மூணுக்கு மேல எங்கிட்ட பெட்டி இல்ல" என்றார் தண்டல்.

முப்பது வருஷம் சம்பாதித்த பெயர் முழுவதும் அந்த நிமிஷம் வாசலில் கிடந்தது. யாராவது ஒருவன் முதலில் சிரித்திருந்தால் போதும், அதோடு முடிந்திருக்கும். ஒரு இளவட்டத்தின் உதடு துடிக்கக்கூடச் செய்தது. அந்த நேரத்தில் குசினிக் கதவு இடுக்கு வழியாகப் புகுந்து, மூன்று காலில் நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தது மாலி. வந்து தண்டலின் காலடியில் சுருண்டு உட்கார்ந்தது. சம்மாட்டி குனிந்து பார்த்தார்.

"இது ஒங்க தோணியில கெடந்த மாலியில்லா? நான் அங்கன வேல பாத்தப்ப என் மடியிலதான் தூங்கும்." காலைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. "எந்தப் பய இத இப்படிக் கடிச்சது? எங்க அவன்?"

துரை சுவரில்தான் இருந்தான். இருபது பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தபோதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக அவசரப்பட்டான்.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் தெரு கண்ட பெரிய மீன்பிடி. சுறாவைப் பிடித்த கைகள் அவை. எவனோ ஓடிப்போய் வலை கொண்டுவந்தான். இந்தப் பக்கம் நான்கு பேர், அந்தப் பக்கம் நான்கு பேர் பிடித்துக்கொண்டு தெருவைக் குறுக்கே அடைத்தார்கள். "வலி! வலிலே!" என்று வலையை இழுக்கிற சத்தம். முதல் இழுப்பில் இரண்டு கோழியும் ஒரு ஆடும் கிடைத்தன. இரண்டாவதில் நான் கிடைத்தேன். துரை ஐஸ் கம்பெனிக் கூரையில் ஏறி, அங்கிருந்து முருங்கை மரத்துக்குத் தாவி, கிளை முறிந்து எங்கள் வீட்டுக்குள்ளேயே விழுந்தான்.

பிலோமினம்மாள் இதற்குள் மாடிக்குப் போய்த் தார் பூசிய பெட்டிகளில் ஒன்றை அவிழ்த்துக்கொண்டு இறங்கியிருந்தார். பொரித்த மீன் தலை ஒன்றைத் தரையில் போட்டார். அத்தனை கலவரத்திலும் துரை அந்த மீன் தலையைப் பார்த்து ஒரு கணம் நின்றான். அவன்மேல் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார் அந்த அம்மாள்.

"இதுக்கா இத்தன ஆம்பளைய?" என்றார்.

பெட்டிக்குள்ளிருந்து உறுமல் கேட்டது. உதடு துடித்த அந்த இளவட்டம், "சாக்குல கட்டிக் கடல்ல போட்டுருவோம்" என்றான்.

தண்டல் அவன் பக்கம் திரும்பினார். அவர் சத்தம் போட்டு அதுவரை நான் கேட்டதில்லை. "எவம்லே அவன்? முப்பது வருசம் கடல்ல விழுந்தவன எல்லாம் தூக்கி விட்டிருக்கேன். உசுரோட ஒண்ணத் தூக்கி உள்ள போடுததுக்கு எங்கிட்டயா வார?" அந்தப் பையன் சம்மாட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. திங்கட்கிழமை கொழும்புக்குக் கிளம்ப இருந்த தோணியில், எங்கள் தண்டலிடம் முன்பு வேலை பார்த்த ஒருவர்தான் இப்போது தண்டல். எலிகள் வெங்காய மூட்டைகளைத் தின்று தீர்ப்பதாக அவர் புலம்பிக்கொண்டிருந்தார். துரைக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. பெட்டியோடு தோணியில் ஏற்றப்பட்டு, கரையைப் பார்த்து வைதுகொண்டே போனான்.

வீடு அமைதியானது. மாலியின் கால் தரையில் ஊன்ற ஆரம்பித்தது. கண்ணாடிச் சில்லுச் சுவரில் கொழும்பு வெயில் காய்ந்தது. எல்லோருக்கும் நிம்மதி, தண்டலைத் தவிர. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் கை நிற்கும்.

"மொதப் பயணம். அலை ஒத்துக்கிடுமோ என்னவோ."

"போனவன் என்ன ஒங்க மருமவனா?" என்பார் பிலோமினம்மாள்.

தோணி திரும்பிய நாள் எனக்குச் சரியாக நினைவிருக்கிறது. ஏதோ ஒரு சரக்குக் காகிதத்தில் அந்தத் தோணிக்காரரிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்லி மானேஜர் என்னைப் படகுத் துறைக்கு அனுப்பியிருந்தார். வெங்காய மூட்டை அடுக்குக்கு இந்தப் பக்கம் வந்தபோது, அந்தப் பக்கத்தில் தெரிந்த குரல் கேட்டது.

தண்டல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே துரை. இளைத்திருந்தான். ரோமமெல்லாம் உப்புப் பிடித்து ஒட்டிக் கிடந்தது. தண்டல் மடியிலிருந்து இலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மீனை முள் எடுத்து முள் எடுத்து ஊட்ட ஆரம்பித்தார்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவ முடியாதுலே. அங்கன ரெண்டு கெழவிய கெடக்கு, ஒன்னயப் பாத்தா பயந்தே செத்துரும். நீ அதுக்குக் கோவிச்சுக்கிடாத, என்ன? ஒவ்வொரு நடைக்கும் நான் இங்கன வாரேன்."

துரை தின்றுகொண்டே அவர் முழங்காலில் தலையை முட்டினான்.

அந்த மனிதர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தோணிக்குப் போக வேண்டுமானால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். என்னைப் பார்த்தால் வெட்கப்பட்டு எழுந்துவிடுவார், மீன் பாதியில் நின்றுவிடும். கையெழுத்து வாங்காமலே ஆபீசுக்குத் திரும்பிப் போய், மானேஜரிடம் சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டேன்.